வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி: வீட்டு மாடியிலிருந்தே பதிவு சேர்க்கும் முறை

என்னுடைய முதல் நோட்டில் ‘ரோஜா அழகி’ என்ற வண்ணத்துப்பூச்சியின் பெயரை எழுதிப் பிறகு சிவப்பு மையால் அடித்த 11 பதிவுகள் இருக்கின்றன. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட ரோஜா அழகி இல்லை. எல்லாமே எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் முட்டையிட வந்த கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகள். அந்தத் தவறு எனக்குப் புரிவதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த ஒன்றரை ஆண்டை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது திருச்சி ஸ்ரீரங்கத்தில். கீழே சொல்லும் செடிகளும் பருவங்களும் காவிரிக் கரைச் சமவெளிக்குப் பொருந்துபவை. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குப் பட்டியல் இன்னும் நீளும்.

முதலில் ‘சேகரிப்பு’ என்ற சொல்

வலையால் பிடித்து, கொன்று, ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைத்தான் பழைய நூல்கள் சேகரிப்பு என்று சொல்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் வண்ணத்துப்பூச்சிகள் பல இருக்கின்றன. கையில் சிக்கியது பட்டியலில் உள்ளதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும், பெயர் தெரியாதவர்தான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குகிறார். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமலும் சிறு வண்டுகள் அரிக்காமலும் ஒரு பெட்டியைப் பத்தாண்டு காப்பாற்றுவதும் எளிதல்ல. ஆகவே இங்கே சேகரிப்பு என்று நான் சொல்வது படமும் குறிப்பும் சேர்ந்த பதிவைத்தான்.

கருவிகள்

கோடு போட்ட ஒரு நோட்டு, கைப்பேசி, அதில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ், 15 செண்டிமீட்டர் அளவுகோல் ஆகியவை போதும். கையில் பணம் இருந்தால் பெரும்பாலோர் கேமராதான் வாங்குவார்கள். நான் இரண்டு மீட்டருக்குள்ளும் குவியக்கூடிய 8×42 பைனாகுலரை வாங்கச் சொல்வேன். கேமரா வைத்திருப்பவர் நல்ல படம் கிடைத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். பைனாகுலர் வைத்திருப்பவருக்குப் பூச்சி எந்த இலையில் இறங்கியது, எத்தனை காலில் நின்றது, சிறகை எப்படி மடக்கியது என்பதெல்லாம் கண்ணில் படும்.

குடும்பத்தில் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு போனால் ஒரே வாரத்தில் சலித்துவிடும். சமவெளியில் பழக வேண்டிய குடும்பங்கள் ஐந்துதான்: அழகிகள், வெள்ளையன்கள், வரியன்கள், நீலன்கள், தாவிகள். வரியன்களின் முன்னங்கால் இரண்டும் குறுகி நெஞ்சோடு ஒட்டியிருப்பதால் அவை நான்கு காலில் நிற்பது போலத் தோன்றும். தாவிகளின் உணர்கொம்பு நுனி கொக்கி போல வளைந்திருக்கும். நீலன்களுக்கு மேல்சிறகைப் படம் எடுத்துப் பெரும்பாலும் பயனில்லை. அடையாளம் முழுவதும் சிறகின் அடிப்பக்கத்துப் புள்ளிகளிலும் கோடுகளிலும்தான் இருக்கிறது.

என்னைத் தடுக்கி விழ வைத்த இடம்

கறிவேப்பிலை அழகியை ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள். ஆண் கருப்பு நிறம். பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண்ணுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவது ரோஜா அழகியைப் போல, பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளுமாக இருக்கும். மூன்றாவது, ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ் எனப்படும் பூச்சியை ஒத்து, முன்சிறகில் வெள்ளைப் பட்டைகளும் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகளும் கொண்டிருக்கும். அசலான அந்த இரண்டு ரோஜாக்களின் புழுக்களும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்பவை; ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை கிட்டே போகாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பெண்ணிடம் அந்த நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும் உண்டு.

நான் சிறகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம், சிறகு படத்தை நிறைக்க வேண்டும் என்று உடலை வெட்டிவிட்டுச் சேமித்திருந்தேன். வேஷத்தைக் காட்டிக்கொடுப்பதே உடல்தான்: அசல் ரோஜாக்களின் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு பளிச்சென்று தெரியும், கறிவேப்பிலை அழகியின் உடல் எப்போதும் கருப்பு. மேலிருந்து பார்த்தால் இரண்டு சிறகுகளுக்கு நடுவே விழும் நிழலில் இந்த வேறுபாடு தெரியாது. இட்லிப்பூக் கொத்துக்குக் கீழே உட்கார்ந்து, அது சிறகடித்துக்கொண்டே தேன் குடிக்கும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால், சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். பறக்கும் விதமும் உதவும். இரண்டும் அவசரமில்லாமல் மிதந்துதான் வரும். கையை வீசிப் பயமுறுத்தினால் கறிவேப்பிலை அழகி அந்த நிதானத்தைக் கைவிட்டு விருட்டென்று ஓடும்.

வெந்தய வரியனிலும் இதே பொறி இருக்கிறது. டேனைட் எக்ஃபிளை என்ற வேறொரு பூச்சியின் பெண் அப்படியே வெந்தய வரியனைப் போல இருக்கும். அங்கே பின்சிறகைப் பாருங்கள்: வெந்தய வரியனுக்குச் சிறகின் நடுப்பகுதியில் மூன்று நான்கு கரும்புள்ளிகள், போலிக்கு முன்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று.

இதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம், ஒரு பூச்சிக்கு நான்கு படம் என்பது. மேல்சிறகு ஒன்று, அடிச்சிறகு ஒன்று, உணர்கொம்பும் உடலும் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, அது உட்கார்ந்த செடி ஒன்று. நான்காவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தேன் குடிக்க உட்கார்ந்த பூவால் பெரிய பயன் இல்லை. வயிற்றை வளைத்து முட்டையிட்ட இலையோ பாதிப் பெயரைச் சொல்லிவிடும். எருக்கு என்றால் வெந்தய வரியன், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் என்றால் அழகிகள், ஆமணக்கு என்றால் காமன் காஸ்டர் என்று தொடங்கலாம்.

இரவில், வேட்டியும் விளக்கும்

வண்ணத்துப்பூச்சிகளைவிட அந்துப்பூச்சிகள் பல மடங்கு அதிகம். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவையே வரும். மாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி வெள்ளை நூல் வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன் அரையடி தூரத்தில் விளக்கை வையுங்கள். வேட்டியின் கீழ்நுனி தரையிலும் ஒரு முழம் விரிந்திருக்கட்டும். பல பூச்சிகள் தரையில்தான் இறங்கும்.

விளக்கில்தான் நான் முதல் மாதத்தை வீணாக்கினேன். மஞ்சள் எல்இடி பல்பின் கீழ் மூன்று இரவுகள் உட்கார்ந்தும் ஈசலைத் தவிர எதுவும் பெரிதாக வரவில்லை. அந்துப்பூச்சிகளை ஈர்ப்பது புற ஊதா ஒளி. மஞ்சள் எல்இடியில் அது ஏறக்குறைய இல்லை. பழைய ஆட்கள் 160 வாட் மெர்க்குரி பல்பைப் புகழ்வார்கள். அது நன்றாகவே இழுக்கும், ஆனால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை வரை வெளிச்சம் போகும், மழைத்துளி பட்டால் வெடிக்கவும் வெடிக்கும். நான் சொல்வது புற ஊதா எல்இடி அல்லது கருநீலக் குழல்விளக்கு. அதை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, முதல் நாள் மழை பெய்திருந்த இரவு சிறந்தது. பௌர்ணமியில் வேட்டி காலியாகவே கிடக்கும். ஏழு மணிக்கு விளக்கைப் போட்டு ஒன்பது மணிக்கு எழுந்து போகிறவர்கள் பெரியவற்றைப் பார்ப்பதில்லை. எங்கள் நந்தியாவட்டையில் புழுவாகப் பார்த்திருந்த ஓலியாண்டர் ஹாக் அந்து, நள்ளிரவு தாண்டித்தான் ஒரு முறை வேட்டிக்கு வந்தது. பச்சையும் இளஞ்சிவப்பும் அலையலையாகக் கலந்த சிறகை விரித்து, வெள்ளைத் துணியின் மேல் சிறிய ஜெட் விமானம் போல அசையாமல் நின்றது.

படம் எடுக்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். புற ஊதா ஒளியில் படம் முழுவதும் ஊதாவாகிவிடும். வெள்ளைத் துணி கேமராவை ஏமாற்றுவதால் பூச்சி கருத்துப்போகும். இரண்டுக்கும் ஒரே தீர்வு: டார்ச்சின் முகத்தில் வெண்ணிற டிஷ்யூ காகிதத்தைக் கட்டிப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, திரையில் பூச்சியின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். அளவுகோலை அருகில் வைத்து ஒரு படமாவது எடுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்துப் பல அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் சொல்வது கடினம்.

பல்லிகள் இரண்டாம் இரவே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். விடிவதற்கு முன் வேட்டியை உதறிப் பூச்சிகளைச் செடிகளுக்குள் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் கரிச்சான் குருவி வேட்டியைத் தன் காலைப் பலகாரத் தட்டாக்கிக்கொள்ளும்.

பெயர் வைப்பது

ஐநேச்சுரலிஸ்ட் செயலி படத்தைப் பார்த்து உடனே ஒரு பெயரைச் சொல்லும். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், அந்த இனம் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். பிறகு ‘பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா’, ‘மாத்ஸ் ஆஃப் இந்தியா’ தளங்களில் ஒப்பிடுங்கள். சிறிய அந்துப்பூச்சிகள் பலவற்றை உடலின் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் பார்க்காமல் இனம் சொல்லவே முடியாது. அது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. அந்த இடத்தில் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின் பெயரோடு, நிறுத்திக்கொள்வது சரியான பதிவு. தெரியாத இடத்தில் ஊகித்து எழுதிய பெயர் நோட்டையே கெடுத்துவிடும். என் 11 பதிவுகள் அதற்குச் சாட்சி.

சந்தேகம் தீர வேண்டுமானால் புழுவிலிருந்து வளர்த்துப் பாருங்கள். பறவை எச்சம் போன்ற புழு கறிவேப்பிலை இலையில் கிடைத்தால் அது எலுமிச்சை அழகியா கறிவேப்பிலை அழகியா என்று அந்த வயதில் சொல்வது கடினம். கிளையோடு வெட்டிச் சிறு புட்டியின் தண்ணீரில் செருகி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காததால் என் முதல் இரண்டு புழுக்கள் உள்ளே விழுந்து செத்தன. மேலே கொசுவலைத் துணி போதும், மூடிய பிளாஸ்டிக் டப்பா கூடாது. கூட்டுப்புழு ஆன பிறகு ஏறக்குறைய பத்து நாளில் கூடு கருத்து, சிறகின் கோலம் வெளியே தெரியத் தொடங்கும். பூச்சிக்குப் பதில், புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் குளவி வெளியே வந்தால் வருந்த வேண்டாம், அதையும் தேதியோடு எழுதுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த மூவர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: உணர்கொம்பு நுனி தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி, இழை போலவோ இறகு போலவோ இருந்தால் அந்து என்று படித்தோம், ஆனால் அந்திக்குப் பின் விளக்குக்கு வந்த பழுப்புப் பூச்சிக்கு நுனி தடித்திருக்கிறதே என்று. மூவரும் பார்த்தது காமன் ஈவ்னிங் பிரவுன் என்ற வண்ணத்துப்பூச்சியைத்தான். அது மாலை மங்கும் நேரத்தில் பறப்பது, விளக்குக்கும் வரும். மழைக்காலத்தில் அதன் அடிச்சிறகில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். கோடையில் அவை மறைந்து காய்ந்த இலை போலாகிவிடும். இரண்டையும் இரண்டு இனமாக எழுதியவர்கள் தேதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொருவருக்கு வேட்டி கட்டிய மறுநாள் கழுத்தில் தீக்காயம் போலக் கொப்புளம் வந்திருக்கிறது. அது அந்துப்பூச்சியால் வந்ததாக இருக்காது. கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும், எறும்பு அளவிலான ஒரு மெல்லிய வண்டும் விளக்குக்கு வரும். அதை நசுக்கினால் உள்ளிருக்கும் நீர் தோலைச் சுட்டுவிடும். மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள், தவறி நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.