ஜப்பானியக் கராவோகே: ஆண் குரலுக்கு எளிதான பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜப்பானில் வேலை பார்த்தால் அலுவலகக் கூட்டத்தோடு கராவோகே அறைக்குப் போகும் நாள் என்றாவது வந்தே தீரும். பாட்டுத் தேர்வுக் கருவி கைக்கு வந்ததும் புதியவர்கள் அடிக்கடி கேட்ட பாட்டைத்தான் போடுவார்கள். அங்கேதான் வம்பு. 2019-இல் வெளிவந்த 'பிரிடெண்டர்', 'ஹகுஜித்சு' என்ற இரண்டு ஜப்பானியப் பாட்டுகளையும் பாடியவர்கள் ஆண்கள்தான். ஆனாலும் இரண்டும் மேல் ஸ்தாயியிலேயே சுற்றும், சட்டென்று கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ என்ற மெல்லிய உயர்ந்த குரலுக்கு) தாவும். கேட்க இதமாக இருக்கும்; பாடப் போனால் முதல் பல்லவியிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும். முதலில் குரலை அளந்துவிட்டு, அதற்கு ஏற்ற பாட்டைத் தேடுவதுதான் சரியான வரிசை.

படி 1: உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

ஃபோனில் ஒரு பியானோ செயலி போதும். நடு சி-யில் (பியானோவின் நடுவே இருக்கும் சி ஸ்வரம்) தொடங்கி, 'ஆ' என்று நான்கு விநாடி பிடித்துக்கொண்டே ஒவ்வொரு கட்டையாக மேலே போங்கள். கழுத்து இறுகுகிறதா, தாடை தூக்குகிறதா, சத்தம் போட்டால்தான் ஸ்வரம் வருகிறதா? அதற்கு முந்தைய கட்டைதான் உங்கள் உச்சம். அதேபோலக் கீழே இறங்குங்கள். குரல் கரகரக்கும் இடத்துக்கு முந்தையது உங்கள் அடி. பயிற்சி இல்லாத பெரும்பாலான ஆண்களுக்கு உச்சம் நடு சி-க்கு மேலே உள்ள இ, எஃப் பக்கத்தில் நிற்கும். ஜி-யைத் தொட்டாலும் அங்கே தங்க முடியாது.

இந்த அளவை ஜப்பானியர்கள் எழுதும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டின் பெயரோடு 'உச்ச ஸ்வரம்' என்று ஜப்பானிய மொழியில் தேடினால் 'மிட்1 சி முதல் மிட்2 ஜி வரை' என்பதுபோல வரும். நடு சி-யை அவர்கள் மிட்2 சி என்பார்கள்; மிட்1 சி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. இந்த வரிசை சி-யில் தொடங்காது, ஏ-யில் தொடங்கும். அதாவது மிட்2 ஏ என்பது நடு சி-க்குக் கீழே இருக்கிறது; மிட்2 ஜி அதைவிட மிகவும் மேலே. அதையும் தாண்டினால் ஹை ஏ, அதாவது சுருதிக் கருவிகளில் 440 ஹெர்ட்ஸ் என்று வரும் அதே ஏ. இதைக் கவனிக்காமல் மிட்2 ஏ-யைப் பார்த்து மிரண்டு, சுலபமான பாட்டை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு.

படி 2: உச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்

உச்ச ஸ்வரம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பாட்டுகள் தொண்டைக்கு ஒன்றல்ல. ஒன்றில் அந்த ஸ்வரம் பல்லவியின் முடிவில் ஒருமுறை வந்துபோகும். மற்றொன்றில் வரிக்கு வரி அதிலேயே நிற்கும். ஜப்பானியப் பாட்டுகள் பெரும்பாலும் ஏ மெலோ (தொடக்கப் பகுதி), பி மெலோ (நடுப்பகுதி), சாபி என்று மூன்று கட்டமாக ஏறும். சாபி என்பது நம் பல்லவி மாதிரி, திரும்பத் திரும்ப வரும் பகுதி. எனவே பாட்டின் தொடக்கத்தை மட்டும் முணுமுணுத்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கடைசி சாபியை மட்டும் இரண்டு முறை தொடர்ந்து பாடிப் பாருங்கள். பல பாட்டுகளில் அந்த இடத்தில் சுருதியே அரை அல்லது ஒரு ஸ்வரம் மேலே ஏறிவிடும். நன்றாகப் பாடிவந்தவர் கடைசி ஒரு நிமிடத்தில் கவிழ்வது இதனால்தான்.

படி 3: சொற்களின் நெருக்கத்தை எண்ணுங்கள்

குறில், நெடில் பேதம் தமிழர்களுக்குப் புதிதல்ல. ஜப்பானிய நெடிலும் இரண்டு மாத்திரைதான். தடுக்குவது ஒற்றில். தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரை. அங்கே 'ன்' என்ற மூக்கொலிக்கும், இரட்டிப்பில் வரும் ஒற்றுக்கும் முழு மாத்திரை. 'ஸுத்தொ' என்ற சொல்லுக்கு ஸு, த், தொ என்று மூன்று தட்டு. நாம் பழக்கதோஷத்தில் அதை இரண்டரையில் முடித்துவிட்டுத் தாளத்துக்கு முன்னால் ஓடிவிடுவோம். கையால் தட்டிக்கொண்டே வரியை ஒருமுறை வாசித்தால் சரியாகிவிடும்.

திரையில் கான்ஜி எழுத்துகளின் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) மேல் கானா என்ற ஒலியெழுத்தில் உச்சரிப்பு போட்டிருக்கும். கானாவைத் தடுமாறாமல் வாசிக்க வராது என்றால், வரிகளைத் தமிழில் எழுதி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் க, ச, ட, த, ப வரிசைக்கு ஒலிப்பு இரண்டு உண்டு என்பதால், எது மென்மையாக ஒலிக்கும் என்பதை ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள்.

படி 4: எந்தப் பாட்டு?

முதல் பாட்டாக எதையாவது சொல்லச் சொன்னால், சகாமோட்டோ க்யூவின் 'உயே ஓ முயிதே அருகோ'. 1961-இல் வந்தது, 1963-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. வேகம் நிதானம், சொற்கள் குறைவு. முக்கிய மெட்டு மத்தியமம், நிஷாதம் இல்லாத ஐந்து ஸ்வரத்தில் நகர்வதால் மோகனம் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். இடையில் விசில் வரும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அவர் உயிரெழுத்துகளை உடைத்து உடைத்துப் பாடும் பாணியை மட்டும் நகலெடுக்க வேண்டாம். எந்த வயதுக்காரர் அறையில் இருந்தாலும் கூடவே பாடுவார்கள் என்பது கூடுதல் லாபம்.

குரல் கனமாக இருப்பவர்கள் ஃபுகுயாமா மசஹாருவின் பக்கம் போங்கள். 'சகுராசகா' (2000), 'கசோகு நி நரோ யோ' (2011) இரண்டும் நிதானமானவை. நகபுச்சி சுயோஷியின் 'கன்பாய்' கல்யாண வீட்டுப் பாட்டு. மெதுவாக ஏறும், வரிகளுக்கு நடுவே இடம் விடும்.

தி புளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா' (1987) வேறு ரகம். தொடக்கம் மெதுவாக வரும். அதன்பின் பெயரையே கத்துவதுதான் சாபி. மனப்பாடம் செய்ய அதிகமில்லை. தொண்டையை அரித்துவிடும் என்பதால் இதைக் கடைசிப் பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கோல்800-இன் 'சீசனா கொய் நோ உதா'வை எளிது என்று சொல்லி யாராவது தள்ளிவிடுவார்கள். மெட்டு எளிதுதான், ஆனால் சாபியில் மூச்சு விட இடமே இல்லை. ஸ்பிட்ஸின் 'செரி' (1996) கேட்க மென்மை. பாடியவரின் இயல்புக் குரலே உயரம். இரண்டையும் சுருதி இறக்கிய பிறகு தொடலாம்.

படி 5: சுருதியை மாற்றுங்கள்

கருவியில் 'கீ' என்று இருக்கும். ஒரு அழுத்தம் என்றால் அரை ஸ்வரம், ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு நகர்வதுபோல. கணக்கு சுலபம். பாட்டின் உச்சம் மிட்2 ஜி, உங்கள் உச்சம் மிட்2 இ என்றால் மூன்று இறக்க வேண்டும். அப்போது அடியும் மூன்று இறங்கும்: மிட்1 சி-யில் இருந்தது மிட்1 ஏ-க்கு வந்துவிடும். அது உங்கள் அடிக்குக் கீழே போனால் ஏ மெலோ காற்றாகிவிடும். அந்தப் பாட்டு உங்களுக்கு இல்லை, விட்டுவிடுங்கள். ஐந்து, ஆறு என்று இறக்க வேண்டியிருந்தாலும் அப்படியே.

இசை தொடங்கும் முன்பே கீயை மாற்றிவிடுங்கள். நடுப்பாட்டில் மாற்றினால் காது பழைய சுருதியிலேயே நின்றுவிடும்.

பெண்கள் பாடிய பாட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடும்போது பெரும்பாலும் எதிர்ப்பிரச்சினை வரும்: எல்லாமே அடித்தொண்டையில் போய் நிற்கும். அங்கே மூன்று முதல் ஐந்து வரை ஏற்றிப் பாருங்கள்.

படி 6: அறைக்குள்

கைடு மெலோடியின் ஒலியை முதலில் ஏற்றி வையுங்கள். மெட்டை மெலிதாகக் கூடவே வாசித்துக்கொண்டு வரும். எக்கோவைக் குறையுங்கள். அது கூடினால் சுருதி விலகல் உங்கள் காதுக்கே தெரியாது. மைக்கின் தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளையிடும். ஸ்பீக்கரை நோக்கித் திருப்பினாலும் அப்படித்தான். மதிப்பெண் முறையை முதல் சில பாட்டுகளுக்கு அணைத்துவிடுங்கள். திரையில் ஓடும் கோடுகளைத் துரத்துகிறவர் வரிகளைத் தவறவிடுவார். ஓரளவு பழகிய பின், ஆளில்லாத பகல் நேரத்தில் தனியாகப் போய் அரை மணி நேரம் அறை எடுத்து, ஒரே பாட்டை மூன்று வெவ்வேறு கீயில் பாடி, ஒத்துவந்த எண்ணைப் பாட்டின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.