வீட்டில் சிறுநீர்ப்பைக்குள் மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு: செலவை எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

எனக்கு இருப்பது இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். யூரின் டெஸ்ட் எடுத்தால் கிருமி இருக்காது. ஆனாலும் சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப அடிவயிறு எரியும், ராத்திரியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க முடியாது. மாத்திரைகளில் அடங்காததால் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் சிகிச்சைக்கு வந்தேன். ஆரம்பத்தில் வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறகு அங்கிருந்த சிஸ்டர் சொல்லிக்கொடுக்க, வீட்டிலேயே செய்துகொள்ளப் பழகினேன். செலவு குறையும் என்று நம்பித்தான் மாறினேன். முதல் மாதம் அப்படி ஒன்றும் குறையவில்லை. ஏன் என்று தேடிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யூராலஜிஸ்ட் பார்த்து, நர்ஸ் முன்னால் நீங்களே சில தடவை செய்து காட்டி, "இனி வீட்டில் செய்யலாம்" என்று அவர்கள் சொன்ன பிறகு படிக்க வேண்டிய பதிவு இது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிசிஜி, மைட்டோமைசின் போன்ற மருந்துகளும் இதே வழியில்தான் உள்ளே போகும். அவற்றை வீட்டில் செய்யவே கூடாது.

படி 1: ஒரு தடவைக்கு என்ன ஆகிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஆஸ்பத்திரியில் செய்தால் ஆகும் செலவு: டாக்டர் ஃபீஸ், செய்முறைக் கட்டணம், மருந்து, ஆட்டோ, கூட வருபவரின் ஒரு நாள் கூலி. வலது பக்கம் வீட்டில் ஆகும் செலவு: மருந்து, கதீட்டர் (சிறுநீர்த் துளை வழியாகப் பைக்குள் விடும் மெல்லிய குழாய்), சிரிஞ்ச், ஊசி, ஜெல், கையுறை, பஞ்சு. இப்படி எழுதியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கதீட்டரும் சிரிஞ்சும் சின்னத் தொகை. பெரும்பணம் மருந்தில் போகிறது, அதிலும் குறிப்பாக ஹெப்பாரினில். நான் அதுவரை கையுறையிலும் பஞ்சிலும் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படி 2: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்களில் அதிகம் எழுதப்படுவது மூன்று மருந்துகளின் கலவை. ஹெப்பாரின், பையின் உள்சுவரில் தேய்ந்துபோன பாதுகாப்புப் படலத்துக்கு ஈடாக நிற்கிறது. லிக்னோகெயின் வலியை மரத்துப்போகச் செய்கிறது. சோடியம் பைகார்பனேட், லிக்னோகெயின் சுவருக்குள் இறங்க உதவுகிறது. மூன்றும் பழைய மருந்துகள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. அதனால் இவற்றுக்கு அரசு உச்சவிலை உண்டு.

இன்னொரு வகை ஹயலுரானிக் அமிலம். தனியாகவோ காண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்தோ, 50 மில்லி அளவில் தயாராகவே வரும். கலக்கும் வேலை இல்லை, ஆனால் விலை பல மடங்கு. டாக்டர் இதை எழுதினால் தயங்காமல் கேளுங்கள்: "சார், ஹெப்பாரின் கலவையில் ஆரம்பித்துப் பார்க்கலாமா? எனக்கு அது போதாது என்று தோன்ற ஏதாவது காரணம் இருக்கிறதா?" காரணம் இருந்தால் சொல்வார். நான் கேட்டபோது என் டாக்டர் கோபப்படவில்லை, மாற்றி எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது டிஎம்எஸ்ஓ, அதாவது டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவம். 50 சதவீதக் கரைசலாக 1978-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த நோய்க்கு ஒப்புதல் கொடுத்தது. செய்துகொண்ட பிறகு மூச்சில் பூண்டு வாசம் வரும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. கெமிக்கல் கடைகளில் டிஎம்எஸ்ஓ லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். அது தொழிற்சாலைக்கானது. தோல் வழியாகவே உடம்புக்குள் புகக்கூடிய திரவம், தன்னில் கலந்திருக்கும் அழுக்கையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு மலிவானாலும் அதைத் தொடாதீர்கள்.

ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மத நம்பிக்கையால் தயக்கம் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. ரத்தம் சீக்கிரம் உறையாத தொந்தரவு இருந்தாலும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் அதையும் சொல்லுங்கள்.

படி 3: ஹெப்பாரின் குப்பியின் லேபிளைப் படியுங்கள்

என் முதல் மாதப் பணம் போனது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெப்பாரின் 5 மில்லி குப்பி இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், அதாவது குப்பிக்கு 5,000. இன்னொன்றில் மில்லிக்கு 5,000 யூனிட், குப்பிக்கு 25,000. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். எனக்கு எழுதியிருந்தது ஒரு தடவைக்கு 20,000 யூனிட். சீட்டில் வீரியம் எழுதப்படவில்லை. கடைக்காரர் கையில் இருந்ததைக் கொடுத்தார்: 1,000 வீரியத்தில் நான்கு குப்பி. அடுத்த வாரமும் நான்கு. மாதம் முடிந்தபோது பதினாறு குப்பிகளுக்குப் பணம் கொடுத்திருந்தேன். 5,000 வீரியத்தில் வாங்கியிருந்தால் நான்கே குப்பி.

குப்பிக்குக் குப்பி விலையைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். வீரியம் கூடியது விலையும் கூடத்தான் இருக்கும். "ஆயிரம் யூனிட்டுக்கு எவ்வளவு?" என்று கணக்கிடுங்கள். விலையை மொத்த யூனிட்டால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

பணம் மட்டுமல்ல, கொள்ளளவும் இருக்கிறது. 5,000 வீரியத்தில் 20,000 யூனிட் என்பது 4 மில்லி. என் லிக்னோகெயின் 10 மில்லி, பைகார்பனேட் 5 மில்லி. ஆக 19 மில்லி, ஒரே 20 மில்லி சிரிஞ்சில் அடங்கும். 1,000 வீரியமென்றால் ஹெப்பாரினே 20 மில்லி, மொத்தம் 35. எரிந்துகொண்டிருக்கும் பைக்கு அந்த வித்தியாசம் பெரிது. அந்த முதல் மாதம் அரைமணி நேரம் அடக்க முடியாமல் பத்து நிமிடத்தில் ஓடியதற்குக் காரணம் இதுதான் என்று பிறகு புரிந்தது. இவை என் அளவுகள், உங்களுக்கு வேறாக இருக்கும். பல இடங்களில் 10,000 முதல் 40,000 யூனிட் வரை எழுதுகிறார்கள்.

ஆகவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "மில்லிக்கு எத்தனை யூனிட் உள்ள குப்பி, எத்தனை மில்லி எடுக்க வேண்டும் என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள்." கடையில் வீரியம் மாற்றிக் கொடுத்தால் நீங்களாக அளவை மாற்றிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து மடங்கு வித்தியாசத்தில் தவறு நடக்க இடம் இருக்கிறது.

லிக்னோகெயினிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அட்ரினலின் சேர்த்ததும் அதே பெயரில் விற்கும். லேபிளில் அட்ரினலின் என்ற சொல் இருந்தால் வாங்காதீர்கள்.

படி 4: மிச்ச மருந்தை எது வைக்கலாம், எது கொட்டவேண்டும்

25,000 யூனிட் குப்பியில் 20,000 எடுத்தால் ஒரு மில்லி மிச்சம். நான் அதைக் கொட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர்தான் குப்பியைத் திருப்பிக் காட்டினார். "இது மல்ட்டி டோஸ் குப்பிம்மா. கெடாமல் இருக்க மருந்து சேர்த்திருக்காங்க. திறந்த தேதியை மேலே எழுதி வைங்க. 28 நாளைக்கு மேல வைக்காதீங்க."

வாரம் ஒரு தடவை என்றால் கணக்கு இப்படி வரும். முதல் வாரம் முதல் குப்பியில் 4 மில்லி. இரண்டாம் வாரம் அதன் மிச்சம் 1, புதுக்குப்பியில் 3. மூன்றாம் வாரம் 2, அடுத்ததில் 2. நான்காம் வாரம் 3, அடுத்ததில் 1. ஐந்தாம் வாரம் மிச்சமுள்ள 4. ஐந்து வாரத்துக்கு நான்கே குப்பி, எந்தக் குப்பியும் திறந்து ஏழு நாளைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காய விட்டு, புது ஊசி, புது சிரிஞ்ச் போட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மிச்சம் பிடிப்பதை விட்டுவிடுங்கள். 30 மில்லி லிக்னோகெயின் மல்ட்டி டோஸ் குப்பி எனக்கு இப்படியே மூன்று வாரம் வருகிறது.

பைகார்பனேட் அப்படியல்ல. கண்ணாடி ஆம்ப்யூல், உடைத்தால் மூட முடியாது. 10 மில்லியில் பாதியைக் கொட்டுவது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் கொட்டித்தான் ஆகவேண்டும். மூன்றையும் முன்கூட்டியே கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். பைகார்பனேட் பட்ட லிக்னோகெயின் வெள்ளையாகப் படிந்துவிடலாம். கலந்ததும் ஏற்ற வேண்டும். கலங்கலாகத் தெரிந்தால் ஏற்றாதீர்கள்.

படி 5: கதீட்டரும் சிரிஞ்சும்

சாதாரண நெலட்டான் கதீட்டர் (ஒரு தடவை போட்டு எறியும் நேரான பிளாஸ்டிக் குழாய்), 8 அல்லது 10 அளவு. தண்ணீர் பட்டதும் வழுக்கும் பூச்சுள்ள வகை சுகமானது, ஆனால் பல மடங்கு விலை. எரிச்சல் அதிகம் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குச் சாதாரண வகையும் ஜெல்லும் போதும்.

சிரிஞ்சின் முனை கதீட்டரின் வாயில் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பையில் ஏற்றும் முன் பாருங்கள். ஊசி மாட்டும் மெல்லிய முனை, நெலட்டானின் அகன்ற வாயில் தளர்வாக நிற்கும். அழுத்தும்போது மருந்து பக்கவாட்டில் ஒழுகிவிடும். குழந்தைகளுக்கு உணவு ஏற்றும் குழாயில் அந்த முனை கச்சிதமாகப் பொருந்தும். சில யூராலஜிஸ்ட்கள் அதைப் பயன்படுத்தச் சொல்வதும் உண்டு. அது மெல்லியது, நீளமானது, அதிகமாக உள்ளே தள்ளினால் சுருண்டுகொள்ளும். டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும்.

கழுவிக் கழுவி ஒரே கதீட்டரைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். வாரம் ஒரு கதீட்டரில் மிஞ்சும் பணம், ஒரு தடவை கிருமி தொற்றினால் யூரின் கல்ச்சருக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் போய்விடும். அந்த இரண்டு வாரமும் இந்த சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும். எனக்கு ஒரு தடவை வந்தது. அந்த வலியை யாருக்கும் நினைத்துப் பார்க்கவே மனசில்லை.

படி 6: வாங்கும் இடம்

மருந்தின் பொதுப்பெயரில் சீட்டு வாங்கி, மூன்று மாதத்துக்கு எழுதச் சொல்லுங்கள். மருந்து விலைகளுக்கான மத்திய அரசின் ஆணையமான என்பிபிஏ நிர்ணயித்த உச்சவிலையை 'பார்மா சஹி தாம்' செயலியில் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே கொடுத்தால் கேளுங்கள். மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்கள் இரண்டிலும் விசாரியுங்கள். ஊசி மருந்துகள் எல்லாக் கிளையிலும் இருக்காது, போனில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எதிரே உள்ள மொத்த விற்பனைக் கடைகளில் கதீட்டரும் சிரிஞ்சும் பெட்டியாக வாங்கினால் விலை நன்றாக இறங்கும். நானும் அதே நோயுள்ள இன்னொரு அக்காவும் ஒரு பெட்டியைப் பகிர்ந்துகொள்கிறோம். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

படி 7: யார் தருவார்கள் என்று கேளுங்கள்

வீட்டில் யாருக்காவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா? அப்படியானால் அங்கேதான் முதலில் போக வேண்டும். வெளிநோயாளி மருந்துகளும் அதில் அடக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யூராலஜி பிரிவில் பதிந்து, அங்கே கையிருப்பில் உள்ள மருந்தைக் கேட்டுப் பெறலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது, கடையில் வாங்கும் மருந்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

தனியார் காப்பீடு உள்ளவர்கள் பாலிசியில் "மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான செலவு" என்ற பகுதியைப் படியுங்கள். ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள். சிஸ்டோஸ்கோப்பி செய்து (கேமரா வைத்த குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு) பையை விரித்துப் பார்க்கும் சிகிச்சைக்கு கிளெய்ம் கிடைத்திருந்தால், அதே நோய்க்காக அடுத்த 60 நாளில் வாங்கிய மருந்து பில்களையும் சேர்த்து அனுப்பலாம். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இந்த மருந்தை எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டதால்தான் என் முதல் கிளெய்ம் திரும்பி வந்தது.

காப்பீடு இல்லாத, 60 வயது தாண்டிய பெற்றோருக்குச் செலவு செய்பவர்கள், பழைய வருமான வரி முறையில் 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, ஜிபே போன்ற வழியில் கொடுத்து பில்லை வைத்திருங்கள்.

படி 8: செய்யும் நாளில் மருந்து வீணாகாமல்

காய்ச்சல், புது எரிச்சல், நாற்றம் இருந்தால் அன்று செய்யாமல் யூரின் டெஸ்ட் கொடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் சுத்தமான துணியில் எடுத்து வைத்து, கை கழுவி, கழிப்பறை போய் வந்து, கதீட்டரைப் போட்டு மிச்ச சிறுநீரை முழுக்க வடித்துவிடுங்கள். வடிக்காவிட்டால் மருந்து நீர்த்துப்போகும். மெதுவாக ஏற்றி, சிரிஞ்சில் விட்டுவைத்த கொஞ்சம் காற்றால் குழாயில் நிற்கும் மருந்தையும் உள்ளே தள்ளிவிட்டு, கதீட்டரை எடுத்துவிடுங்கள். டாக்டர் சொன்ன நேரம் அடக்குங்கள், எனக்கு அரைமணி. உதடு மரத்தல், காதில் இரைச்சல், தலைசுற்றல் வந்தால் உடனே சிறுநீர் கழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் 108. குளிர் காய்ச்சல், கட்டியாக ரத்தம், சிறுநீர் வராமல் அடைத்தல் இவற்றுக்கும் அப்படியே.

ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, நிரம்பியதும் மருத்துவமனையில் கேட்டு ஒப்படையுங்கள். குப்பைக் கூடையில் கை விட்டுப் பிரிக்கும் அம்மாக்களின் விரல்களை நினைத்துச் செய்யுங்கள்.

படி 9: நோட்டில் இன்னொரு பக்கம்

ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், வலி பத்துக்கு எத்தனை, ஏற்றிய பிறகு எத்தனை நாள் நிம்மதி. தினம் ஒரு வரி போதும். மூன்று மாத நோட்டைப் பார்த்துத்தான் என் டாக்டர் வாரம் ஒன்றைப் பத்து நாளுக்கு ஒன்றாக்கினார், பிறகு பதினைந்து நாளாக்கினார். மருந்துக் கடையில் நான் பிடித்த மிச்சம் எல்லாவற்றையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. இடைவெளியை நீங்களாக நீட்டாதீர்கள், நோட்டை அவர் மேஜையில் விரித்து வையுங்கள். போன மாதப் பக்கத்தில் ஒரு ராத்திரிக்கு நேரே "இரண்டு தடவை" என்று எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அதே இடத்தில் பதினொன்று இருக்கிறது.