தோப்பு வண்டிக்கு வயர் கட்டுப்பாடு: முதலில் பிரேக், அப்புறம்தான் ஆக்ஸிலரேட்டர்

தென்னந்தோப்பில் மட்டையும் தேங்காயும் சுமக்க, ஆள் ஏறாமல் தானாகப் போகும் ஒரு சின்ன வண்டி செய்துகொண்டிருக்கிறேன். பழைய இ-ரிக்‌ஷாவின் பின் அச்சு, 48 வோல்ட் 1000 வாட் மோட்டார், வெல்டிங் பட்டறையில் அடித்த சட்டம். மரங்கள் 25 அடிக்கு 25 அடி வரிசையில் நிற்பதால் வழி கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஜிபிஎஸ் பகுதியை இன்னொரு பதிவில் சொல்கிறேன். இது முழுக்க முழுக்க வயர் பற்றியது. சால்டரிங், அர்டுயினோவில் புரோகிராம் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பழைய பைக்கில் ஆக்ஸிலரேட்டர் என்றால் ஒரு கேபிள், அதன் முனையில் ஒரு ஸ்பிரிங். கையை விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். டிரைவ் பை வயரில், அதாவது மின்கம்பி வழியாகவே கட்டளை போகும் இந்த வண்டியில், கேபிளும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கம்பியில் ஒரு வோல்ட் அளவு போகிறது, அவ்வளவுதான். அதை அனுப்பும் பெட்டி செத்துப்போனால் கடைசியாகச் சொன்ன அளவே கம்பியில் நின்றுவிடலாம். வண்டி அதையே கேட்டுக்கொண்டு போகும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு தொல்லையைச் சமாளிக்கத்தான்.

படி 1: ஆக்ஸிலரேட்டர் கம்பி

மோட்டார் கன்ட்ரோலரில் ஆக்ஸிலரேட்டருக்கு மூன்று கம்பி வரும்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். கைப்பிடியைக் கழற்றிவிட்டு சிக்னல் கம்பியில் நம் வோல்ட்டைக் கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சுமார் 0.8 வோல்ட், முழுவதும் முறுக்கினால் 4 வோல்ட்டுக்குப் பக்கம். உங்கள் கைப்பிடியை மல்டிமீட்டரில் அளந்து எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கழற்றுங்கள்.

வோல்ட் கொடுக்க நான் எம்சிபி4725 என்ற சின்ன டிஏசி போர்டை (அர்டுயினோ சொல்லும் எண்ணை வோல்ட்டாக மாற்றித் தருவது) பயன்படுத்தினேன். மலிவு, இரண்டு கம்பியில் அர்டுயினோவோடு பேசும். முதல் நாள் சாவியைத் திருப்பியதும், நான் எதுவும் சொல்லாமலே சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நல்ல வேளை, வண்டி செங்கல் மேல் நின்றது. காரணம் பிறகு புரிந்தது. இந்தச் சில்லுக்குள் ஒரு நினைவகம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் அளவை வெளியே விடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் இருப்பது பாதி அளவு, அதாவது 5 வோல்ட்டில் 2.5. அர்டுயினோ விழித்துப் பேச ஆரம்பிப்பதற்குள் மோட்டார் பாதி வேகத்துக்குக் கிளம்பிவிடும். லைப்ரரியில் நினைவகத்தில் எழுதும் வசதி இருக்கிறது. ஒரே ஒரு தடவை பூஜ்யத்தை எழுதிவிடுங்கள்.

அது பாதித் தீர்வுதான். ஓடும்போது அர்டுயினோ உறைந்துபோனால் டிஏசி கடைசி அளவைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சிக்னல் கம்பியில் ஒரு ரிலே வைத்தேன். ரிலேவுக்கு மின்சாரம் இருந்தால் டிஏசி இணையும். இல்லாவிட்டால் சிக்னல் கம்பி கிரவுண்டுக்குப் போய்விடும்.

படி 2: சங்கிலி

அவசரத்தில் நிறுத்தும் சிவப்புக் காளான் பட்டனை அர்டுயினோவின் ஒரு பின்னில் மாட்டி, புரோகிராமில் 'அழுத்தினால் நில்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புரோகிராம் தொங்கிப்போன நேரத்தில்தான் அந்தப் பட்டனே தேவைப்படும்.

சங்கிலி என்று நான் சொல்வது இதைத்தான்: 12 வோல்ட் கம்பி ஒன்று பேட்டரி பக்கத்திலிருந்து கிளம்பி, காளான் பட்டன், முன் பம்பரின் லிமிட் சுவிட்ச் (எதிலாவது முட்டினால் அழுத்தப்படுவது), ரிமோட் ரிலே, உயிர்த்துடிப்பு ரிலே (படி 4இல் வரும்) என்று வரிசையாக எல்லாவற்றின் வழியாகவும் போய்க் கடைசியில் கான்டாக்டரின் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ரிலே) காயிலில் முடிய வேண்டும். படி 1இல் சொன்ன ரிலேவும் இதே முனையில்தான். பட்டனும் லிமிட் சுவிட்சும் அழுத்தாதபோது மூடியிருக்கும் வகை; ரிலேக்கள் மின்சாரம் இருக்கும்போது மட்டும் மூடியிருக்கும் வகை. எங்கே அறுந்தாலும், எலி கடித்தாலும், சங்கிலி திறந்து வண்டி நிற்கும்.

கான்டாக்டர் வாங்கும்போது டிசி என்று அச்சடித்ததாகப் பாருங்கள். பம்பு செட் ஸ்டார்ட்டரில் இருப்பது ஏசிக்கானது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அது அணையாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று: கன்ட்ரோலருக்குள் பெரிய கப்பாசிட்டர்கள் உண்டு. கான்டாக்டரை நேரடியாக மூடினால் 'பட்' என்று பொறி பறந்து, நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்டருக்குக் காளான் பட்டன் வெறும் அலங்காரம். நான் 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு புஷ் பட்டன் வழியாகக் கான்டாக்டருக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன். இரண்டு நொடி அழுத்திக் கப்பாசிட்டரை நிரப்பிவிட்டுத்தான் கான்டாக்டரை மூடுவேன்.

ரிமோட் பற்றி ஒரு வார்த்தை. ஷட்டர் கேட் ரிமோட் போல, அழுத்தினால் 'நில்' என்று அனுப்பும் வகை உதவாது. வண்டி எல்லை தாண்டிப் போய்விட்டால் நீங்கள் எவ்வளவு அழுத்தியும் அதற்குக் கேட்காது. 'சரி, போ' என்று இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் வேண்டும். சத்தம் நின்றால் வண்டி நிற்க வேண்டும்.

படி 3: பிரேக் (இங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன்)

மோட்டாருக்கு மின்சாரம் போனால் வண்டி நிற்காது, உருளும். வாய்க்கால் சரிவில் நன்றாகவே உருளும். ஆகவே பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். டிரம் பிரேக் நெம்புகோலில் 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) ஒன்றை மாட்டினேன். ஒரு பக்கம் நகர்ந்தால் பிரேக் விடும், மறுபக்கம் நகர்ந்தால் பிடிக்கும். வேலையும் செய்தது. பெருமையாக வீடியோகூட எடுத்தேன்.

அப்புறம் காளான் பட்டனை அழுத்திப் பார்த்தேன். மோட்டார் நின்றது. வண்டி வரப்பைத் தாண்டிப் போய் மரத்தில் முட்டி நின்றது.

ஆக்சுவேட்டருக்குள் இருப்பது திருகுத் தண்டு. மின்சாரம் போனால் அது இருந்த இடத்திலேயே இறுகி நிற்கும். வலுவான ஸ்பிரிங் போட்டாலும் அதைப் பின்னால் தள்ள முடியாது. நான் சங்கிலியை அறுத்ததும் பிரேக் 'விட்ட' நிலையிலேயே பூட்டிக்கொண்டது. அவசரப் பட்டனை அழுத்தி பிரேக்கையும் சேர்த்துக் கொன்றிருக்கிறேன்.

விடை லாரியில் இருந்தது. ஏர் பிரேக் லாரியில் காற்று இறங்கிவிட்டால் வண்டி நகராது. அங்கே பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங். காற்றின் வேலை அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விடுவிப்பது. அதையே காற்றுக்குப் பதில் காந்தத்தை வைத்துச் செய்தேன். அலுவலகக் கதவுகளில் கார்டு காட்டினால் திறக்கும் மின்காந்தப் பூட்டு கிடைக்கும், 12 வோல்ட், 280 கிலோ இழுவிசை. ஆக்சுவேட்டரின் முனையில் காந்தம், பிரேக் நெம்புகோலில் அதன் இரும்புத் தகடு. நெம்புகோலை பிரேக் பிடிக்கும் பக்கமாக ஒரு வலுவான ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஆக்சுவேட்டர் காந்தத்தின் வழியாக பிரேக்கைப் பிடித்தும் விட்டும் ஓட்டும். சங்கிலி அறுந்தால் காந்தம் விடும், ஸ்பிரிங் பிடிக்கும். ஆக்சுவேட்டர் எங்கே நிற்கிறது என்பது பிரச்சினையே இல்லை.

இதிலும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. மின்சாரம் போன பிறகும் தகட்டில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருந்து ஒட்டிக்கொள்ளும். தகட்டில் மெல்லிய டேப் ஒட்டினேன். ரொம்பத் தடிமனாக ஒட்டினால் பிடிமானம் போய்விடும். காந்தத்துக்குக் குறுக்கே வெறும் டயோடு போட்டால் விடுவது தாமதமாகிறது. டயோடோடு ஒரு ஜீனர் டயோடையும் தொடராகச் சேர்த்ததும் சட்டென்று விட்டது. காந்தத்துக்கான மின்சாரத்தை, 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டரின் வெளிப்பக்கத்தில் அறுங்கள். உள்பக்கத்தில் அறுத்தால் கன்வெர்ட்டரின் கப்பாசிட்டர் இன்னும் கொஞ்ச நேரம் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். தேங்காய் நாரும் தூசியும் காந்தத்தின் முகத்தில் ஒட்டினால் பிடி தளர்ந்து பிரேக் தானே பிடிக்கும். தொல்லைதான், ஆனாலும் அந்தப் பக்கமாகப் பழுதாவதே எனக்குச் சம்மதம்.

படி 4: உயிர்த்துடிப்பு

வழி பார்க்கும் கணினி 50 மில்லிநொடிக்கு ஒரு தடவை கேன் பஸ் (பெட்டிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாக 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். 200 மில்லிநொடி சத்தம் இல்லையென்றால் அர்டுயினோ சங்கிலியை விட்டுவிடும். மணிக்கு 5 கிலோமீட்டரில் அதற்குள் வண்டி 28 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும் தூரம் தனி. துடிப்போடு ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் எண்ணையும் அனுப்புங்கள். கணினி உறைந்து பழைய செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பினால் எண் மாறாது, பிடித்துவிடலாம்.

அர்டுயினோவுக்குள் வாட்ச்டாக்கையும் (குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொடுக்காவிட்டால் அர்டுயினோவை ரீசெட் செய்யும் டைமர்) போடுங்கள். அதைத் தட்டிக்கொடுக்கும் வரி மெயின் லூப்பில், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, ஒரே இடத்தில் இருக்கட்டும். டைமர் இன்டரப்டில் வைத்தால் லூப் செத்த பிறகும் டைமர் தட்டிக்கொண்டே இருக்கும்.

கேனுக்கு மலிவான எம்சிபி2515 போர்டு போதும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். எனக்கு 40 வந்தது. கம்பியின் இரண்டு கோடியிலும் மட்டும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டரை இணைக்கும் ஜம்பர், மூன்று போர்டிலும் மாட்டியிருந்தது. நடுப் போர்டில் கழற்றினேன். கம்பிக்கு லேன் கேபிளின் ஒரு முறுக்கு ஜோடியை எடுத்துக்கொண்டேன். மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

படி 5: பிடுங்கிப் பார்ப்பது

சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்குங்கள். கேன் கம்பி, டிஏசியின் கிரவுண்ட், கன்வெர்ட்டர், ரிமோட்டின் பேட்டரி, ஒன்றும் விடாமல். ஒவ்வொன்றுக்கும் சக்கரம் நின்றதா என்று காகிதத்தில் எழுதுங்கள். எனக்கு முதல் சுற்றில் 14 கம்பியில் 3 தோற்றன.

பின்சேர்க்கை: கேனில் எதுவுமே வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். போர்டில் இருக்கும் வெள்ளிநிறக் கிரிஸ்டலைப் பாருங்கள். பல மலிவுப் போர்டுகளில் 8 மெகாஹெர்ட்ஸ். லைப்ரரியோ 16 என்று நினைத்துக்கொள்ளும். வேகம் அமைக்கும் வரியில் 8 என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு பின்சேர்க்கை: நானோ போர்டில் வாட்ச்டாக் போட்டதும் விளக்கு வேகமாக மின்னுகிறது, புரோகிராமே ஓடவில்லை என்று ஒருவர் கேட்டார். அதிலுள்ள பழைய பூட்லோடர் (போர்டு விழித்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) வாட்ச்டாக்கை அணைக்காமல் விடுவதால் மறுபடி மறுபடி ரீசெட் ஆகிறது. யூனோவில் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு அர்டுயினோவை வைத்து நானோவில் ஆப்டிபூட் என்ற பூட்லோடரை ஏற்றிவிடுங்கள். அதுவரை வண்டியைச் செங்கல் மேலிருந்து இறக்க வேண்டாம்.