பொல்லார்டில் கண்ணி மாட்டும் முறை

பொல்லார்டு என்றதும் கிரிக்கெட் வீரர் நினைவுக்கு வந்தால் உங்களைக் குறைசொல்ல முடியாது. ஆங்கிலத்தின் b, p என்ற இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப' வைத்திருக்கிறோமே! நான் சொல்வது கப்பல்துறையின் விளிம்பில் தலை பருத்து, குட்டையாக நிற்கும் இரும்புத் தூணை. மரத்தின் அடித்தண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் பிறந்திருக்கலாம் என்பார்கள். பழைய பீரங்கிகளை வாய் மேலே இருக்கும்படி பாதி புதைத்தும் கப்பல் கட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கட்டுத்தறி என்றே சொல்லிவிடலாம். மாட்டுக்குப் பதில் கப்பல்.

கப்பலைக் கட்டும் வடத்தின் நுனியில் பெரிய கண்ணி, அதாவது வளையம், இருக்கும். தூண் காலியாக இருந்தால் அதன் தலையில் மாட்டிவிட்டு விலக வேண்டியதுதான். ஏற்கெனவே வேறொரு கப்பலின் கண்ணி அங்கே கிடந்தால்தான் தொல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எங்கள் கண்ணியை அதன் மேலேயே போட்டுவிட்டேன். நள்ளிரவில் அந்தக் கப்பல் கிளம்ப வேண்டும்; எங்கள் வடமோ அதன் கண்ணியை அமுக்கிக்கொண்டு விறைத்து நிற்கிறது. வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரமான வின்ச்சைத் தளர்த்த ஆளை எழுப்பினோம். தூக்கம் கலைந்தவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கண்ணியை மற்ற கண்ணிக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து வெளியே எடுங்கள்; அதன் பிறகு தூணின் தலையில் மாட்டுங்கள். இனி எந்தக் கப்பல் முதலில் புறப்பட்டாலும், அதன் வடத்தைத் தளர்த்தினால் போதும். மற்றதைக் கழற்றாமலே கண்ணியை உருவிவிடலாம். விரல்கள் ஒருபோதும் கண்ணிக்கும் தூணுக்கும் நடுவே இருக்கக் கூடாது. கண்ணியில் ஒரு சிறு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள்.

கப்பல் தளத்தில் இருப்பவை இரட்டைத் தூண்கள். வடம் வரும் பக்கத்துத் தூணில் முதலில் இரண்டு முழுச் சுற்று, பிறகு இரண்டையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்றுங்கள். உராய்வெண் 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றிலேயே மறுமுனையில் இழுவிசை ஏறத்தாழ 5-இல் ஒரு பங்காகிவிடும். இரண்டு சுற்றில் 23-இல் ஒரு பங்கு. முடிச்சு எதற்கு?

இழுவைப்படகின் பலத்தையும் இந்தத் தூணில் கட்டித்தான் அளக்கிறார்கள். படகைக் கரையோடு பிணைத்து எஞ்சினின் முழு வலுவில் இழுக்கவிட்டு, வடத்தில் விழும் விசையை டன் கணக்கில் குறிப்பார்கள். நடைபாதையில் வண்டிகளைத் தடுக்கும் கம்பங்களுக்கும் இதே பெயர்தான், ஆனால் அவற்றில் யாரும் எதையும் கட்டுவதில்லை.

வடம் இறுகியபின் அது போகும் நேர்கோட்டில் நிற்காதீர்கள், அதைத் தாண்டவும் செய்யாதீர்கள். நைலான் வடம் நீண்டுகொண்டே போய்ச் சட்டென்று அறும். அறுந்த நுனி திரும்பி வரும் வேகத்தில் விலகிக்கொள்ள நேரம் இருக்காது.