அமெரிக்கக் கல்லூரியில் கால்பந்து ஆட விரும்பும் கொங்குப் பிள்ளைகள்: படிப்புத் தகுதிக்கு ஒரு வழிகாட்டி

2018–19ஆம் ஆண்டின் ஐ-லீக் கோப்பையைச் சென்னை சிட்டி அணி வென்றபோது, அதன் சொந்த மைதானமாக விளங்கியது கோவை நேரு விளையாட்டரங்கம்தான். அந்த ஆட்டங்களைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்த சிறுவர்கள் இப்போது மேல்நிலை வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் ஆசையும் அவர்களில் சிலருக்கு உண்டு. ஆட்டத்தைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். படிப்புத் தகுதியைப் பெற்றோரும் பிள்ளையும்தான் கவனித்தாக வேண்டும். அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதல் இரண்டு பிரிவுகளில் ஆட வேண்டுமானால், அவ்வமைப்பின் தகுதி மையத்தில் பதிவு செய்து சான்று பெற வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான நான்கு ஆண்டுகளில் 16 முதன்மைப் பாடங்களை முடித்திருப்பது அடிப்படை நிபந்தனை. ஒரு பாடத்தை ஓராண்டு படித்தால் அது ஒன்று எனக் கணக்கு. முதல் பிரிவுக்கு ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இம்மூன்றில் ஏதேனும் ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இவற்றிலிருந்தோ பிற மொழி போன்ற பாடங்களிலிருந்தோ மேலும் 4 தேவை. இரண்டாம் பிரிவில் ஆங்கிலம் 3, கணிதம் 2, அறிவியல் 2 எனத் தொடங்கி, இம்மூன்றிலிருந்து கூடுதலாக 3 கேட்கிறார்கள். மற்றவை முதல் பிரிவைப் போலவே. உடற்கல்வியும் தொழிற்கல்விப் பாடங்களும் இதில் சேர மாட்டா.

பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்பதை இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு முடிவு செய்வது நல்லது. கணிதம் உள்ள அறிவியல் குரூப்பில் இடையூறு ஏதும் இல்லை. கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் எடுத்தவருக்கு ஒன்பது, பத்து ஆகிய இரண்டு வகுப்புகளின் கணிதம் மட்டுமே கையில் இருக்கும். அது இரண்டாம் பிரிவுக்குப் போதும், முதல் பிரிவுக்கு ஒன்று குறையும். கணிதமே இல்லாத வணிகவியல் குரூப்பில் ஆங்கிலம் 4, கணிதம் 2, அறிவியல் 2 சேர்ந்து 8தான் வருகிறது. இரு பிரிவுகளுமே இம்மூன்றிலிருந்து மொத்தம் 10 கேட்பதால் இரண்டு குறைகிறது. திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் வீட்டுத் தொழிலை முன்னிட்டு வணிகவியல் எடுக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்கள் வணிகக் கணிதம் உள்ள குரூப்பைத் தேடிச் சேர்வதோடு, அந்தப் பாடம் கணிதமாக ஏற்கப்படுமா என்று சேர விரும்பும் கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் வாங்கிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

முதல் பிரிவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அமெரிக்கப் பள்ளியில் படிப்பவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் 16இல் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மதிப்பெண் அத்துடன் நிலைத்துவிடும். பின்னர் மறுபடி எழுதிச் சராசரியை உயர்த்த இயலாது. பள்ளிப் படிப்பு முழுவதையும் இந்தியாவிலேயே முடிப்பவருக்கு இந்த நிபந்தனை இல்லை. என்றாலும் நம் பாடத்திட்டத்தில் ஒன்பதிலும் பத்திலும் படித்த இம்மூன்று பாடங்களே 16இல் ஆறு ஆகிவிடுவதால், ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு பொதுத்தேர்வுக்கு நிகரான எடை பெறுகிறது. ஆனால் நம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை விரைந்து முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்குவதும், பதினொன்றாம் வகுப்பை அப்படியே தாண்டிப் போவதும் நெடுநாள் வழக்கம். இது இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன். அப்படிப்பட்ட பள்ளியில் சேர்ப்பதற்கு முன், இரண்டு வகுப்புகளிலும் பாடம் முழுமையாக நடக்குமா, ஆண்டுத் தேர்வு மதிப்பெண் முறையாகப் பதிவாகுமா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, முதன்மைப் பாடங்களின் சராசரி ஜி.பி.ஏ. முதல் பிரிவுக்கு 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2 வேண்டும். நம் மதிப்பெண்களைத் தகுதி மையமே தன் தர அளவுக்கு மாற்றிக்கொள்ளும். ஏ தரத்துக்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 புள்ளிகள். 16 பாடங்களில் ஐந்தில் பி-யும் மற்றவற்றில் சி-யும் பெற்றால் மொத்தம் 37 புள்ளிகள் வரும். அதை 16ஆல் வகுத்தால் 2.3ஐச் சற்றே தாண்டுகிறது. 2.0 முதல் 2.3க்குள் நிற்பவர் முதல் பிரிவுக் கல்லூரியில் உதவித்தொகை பெறலாம், பயிற்சியும் எடுக்கலாம். முதலாண்டில் போட்டியில் மட்டும் இறங்க முடியாது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை என்.சி.ஏ.ஏ. 2023 முதல் கேட்பதில்லை. தகுதிச் சான்று வேறு, கல்லூரிச் சேர்க்கை வேறு என்பதால், அந்தத் தேர்வையும் ஆங்கிலத் திறன் தேர்வையும் கல்லூரிகள் தனியே கேட்கக்கூடும்.

நீட் தேர்வுக்காக ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. ஆனால் முதல் பிரிவுக்கு எண்ணுவோர் ஒன்பதில் தொடங்கி நான்கே ஆண்டுகளில் 16 பாடங்களையும் முடித்தாக வேண்டும். உரிய காலத்தில் பள்ளியை முடித்தவருக்கு அதன்பின் ஒரே ஒரு பாடத்தை மட்டும் கூடுதலாகப் படித்துக்கொள்ள இடமுண்டு. பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று திறந்தநிலைப் பள்ளிக்கு மாறுவதும் ஆபத்தானது. ஆசிரியரோடு தொடர்ந்த தொடர்பும், குறித்த கால வரையறையும் இல்லாத பாடங்களைத் தகுதி மையம் ஏற்காது.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. படிப்புத் தகுதியை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யும். என்.ஏ.ஐ.ஏ. என்ற மற்றொரு அமைப்புக்குத் தனி விதிகளும் தனிப் பதிவும் உண்டு.

ஆவணங்களைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே திரட்டத் தொடங்குங்கள். நான்கு வகுப்புகளின் மதிப்பெண் பதிவும், பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றும் தேவை. ஒன்பதாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கை பல வீடுகளில் பீரோவுக்கு அடியில் கிடக்கும் அட்டையாகவே இருக்கிறது. பள்ளியின் பெயர், கல்வியாண்டு, பாடவாரியான மதிப்பெண், தலைமையாசிரியரின் கையொப்பம், முத்திரை ஆகியவை உள்ள கடிதமாக அதைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் மட்டும் உள்ள ஆவணத்துக்கு வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பும், அதற்குச் சான்றொப்பமும் வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து வேறுவிதமாக இருப்பது நம்மிடையே மிகவும் சகஜம். தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதிந்து, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று தலைமையாசிரியர் எழுதித் தரும் கடிதம் ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.