இரவுப் பாலை எப்போது நிறுத்தலாம்?

குழந்தைக்கு 6 மாதம் நிறைவதற்கு முன் இரவுப் பாலை நிறுத்த எண்ண வேண்டாம். அதன்பின், எடை சீராக ஏறி, பகலில் பாலும் திட உணவும் போதிய அளவு உட்கொள்ளும் குழந்தை நள்ளிரவில் சில மிடறு குடித்ததும் உறங்கிவிடுமானால், அது பசியைவிடப் பழக்கத்தால்தான் விழிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆர்வத்துடன் முழுவதையும் குடித்து முடிக்கும் குழந்தைக்கு இன்னும் சில வாரங்கள் தருவதில் தவறில்லை. தாய்ப்பால் குடிக்கும் பல குழந்தைகளுக்கு ஓராண்டு வரைகூட இத்தேவை நீடிக்கும் என்பதால், அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது வீண். புட்டிப்பாலாயின் இரண்டு இரவுகளுக்கு ஒருமுறை 20 முதல் 30 மில்லி வரை குறைத்து, 60 மில்லிக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். தாய்ப்பாலாயின், மார்பில் பால் கட்டிக்கொள்ளாதபடி, ஊட்டும் நேரத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்க வேண்டும். காய்ச்சல் உள்ள நாட்களில் தொடங்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த அல்லது எடை குறைந்த குழந்தையெனில், முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.