பழைய பதக்க விழாப் படத்தில் நிற்கும் வீரரை அடையாளம் காண்பது எப்படி?

இரண்டு உலகப் போர்களின்போதும் இந்திய, கூர்க்கா வீரர்களுக்கு வீரப்பதக்கம் அணிவிக்கப்பட்ட விழாக்களின் படங்கள் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் கீழே, பதக்கத்தைக் குத்திவிடும் தளபதியின் பெயர் பட்டங்களோடு இருக்கும். விறைப்பாக நிற்பவரைப் பற்றியோ 'கூர்க்கா வீரர் ஒருவர்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்காது. அவருக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுப்பது நம்மால் முடிகிற காரியம்தான். அதற்கு எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பதக்கத்துக்கு மூன்று தேதிகள் உண்டு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: வீரச்செயல் நடந்த நாள், அரசிதழில் அறிவிப்பு வெளியான நாள், விழா நடந்த நாள். ஜமேதார் மீர் தஸ்த் 1915 ஏப்ரல் 26 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் காட்டிய வீரத்துக்காக, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். ஆனால் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதை அவருக்கு அணிவித்தது, அப்போது இந்திய வீரர்களுக்கான மருத்துவமனையாக இருந்த இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையில், ஆகஸ்ட் 25 அன்றுதான். படத்தின் தேதியை வைத்துப் போர் நிகழ்வைத் தேடினால் எதுவும் அகப்படாது என்பதால், விழா நாளிலிருந்து ஓராண்டுவரை பின்னோக்கிச் சென்று தேடுவதே சரியான வழி.

அடுத்ததாக, மார்பில் குத்தப்படுவது பதக்கமா, வெறும் ரிப்பனா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போர்முனையில் நடந்த எளிய அணிவகுப்புகளில் பெரும்பாலும் ரிப்பன் மட்டுமே அணிவிக்கப்பட்டது. பதக்கம் பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே ஒரே வீரருக்கு இரண்டு விழாப் படங்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் கோடுகள் தெரியும். மிலிட்டரி மெடலின் கருநீல ரிப்பனுக்கு நடுவே வெள்ளையும் சிவப்புமாக ஐந்து மெல்லிய கோடுகள் ஓடும். மிலிட்டரி கிராஸ் ரிப்பனில் இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே ஒரு ஊதாப் பட்டை இருக்கும். விக்டோரியா கிராஸ் ரிப்பன் தனியாக அணியப்படும்போது அதன்மேல் சிறிய வெண்கலச் சிலுவை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்.

பதக்கம் எது என்று தெரிந்த பிறகு அரசிதழுக்குச் செல்லலாம். விக்டோரியா கிராஸ், மிலிட்டரி மெடல் போன்றவற்றை லண்டன் கெசட்டில் இலவசமாகத் தேடலாம். 1837-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டுக்கும், 1907-இல் ஏற்படுத்தப்பட்ட ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல்) பதக்கத்துக்கும் இந்திய அரசின் கெசட்டையும் பார்த்தாக வேண்டும். இந்திய வீரர்கள் விக்டோரியா கிராஸ் பெறும் தகுதியை 1911-இல்தான் அடைந்தார்கள் என்பதால், அதற்கு முந்தைய படமென்றால் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டே அவர்களுக்கான மிக உயரிய விருது.

தேடலில் பலரும் தடுக்கி விழும் இடம் பெயர்தான். 1944 ஜூனில் மணிப்பூரில் இரண்டு ஜப்பானிய டாங்கிகளை வீழ்த்திய கஞ்சு லாமாவின் இயற்பெயர் கியாம்சோ. படையில் சேர்ந்தபோது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய 'கஞ்சு' என்ற பெயரே கடைசிவரை நிலைத்துவிட்டது. எனவே ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டிராமல், படை எண்ணையும் பட்டாலியனையும் கொண்டு தேடுங்கள். 1/7 ஜி.ஆர். என்றால் ஏழாம் கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன் என்று பொருள்.

பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 (WO 373) என்ற குறியீடுள்ள வரிசையில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பரிந்துரைப் படிவங்கள் உள்ளன. அந்த வீரர் என்ன செய்தார் என்று அவருடைய அதிகாரி எழுதியது, அதன்கீழ் பிரிகேட், டிவிஷன் தளபதிகள் இட்ட கையொப்பங்கள் என எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். விழாப் படத்தைக் காட்டிலும் அந்தத் தாளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

படத்தில் பதக்கம் வாங்குபவர் ஒரு பெண்ணாகவோ முதியவராகவோ இருந்தால், அது மறைவுக்குப்பின் அளிக்கப்பட்ட விருதாக இருக்கக்கூடும். நம் காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து தம்முடன் இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. அவர் பெயரையும் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள்.

முதியவர் எல்லாப் படங்களிலும் துயரத்தோடு வந்தவராகவே இருப்பார் என்றும் எண்ண வேண்டாம். 1945 மே மாதம் பர்மாவில், தன்னருகே வந்து விழுந்த கையெறி குண்டுகளைத் திருப்பி வீசியபோது வலக்கை சிதைந்து, இடக்கையால் நான்கு மணி நேரம் சுட்டுக்கொண்டிருந்த லச்சிமான் குருங்குக்கு, அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று டெல்லி செங்கோட்டையில் வைஸ்ராய் வேவல் விக்டோரியா கிராஸ் அணிவித்தார். நடக்க இயலாத நிலையிலிருந்த அவருடைய 74 வயதுத் தந்தையை நேபாளத்துக் கிராமத்திலிருந்து 11 நாள் சுமந்து கொண்டுவந்து அந்த விழாவைக் காணச் செய்தார்கள்.